எனக்கு இல்லாத மலச்சிக்கல்

எனக்கு மலச்சிக்கல் என்று திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்து முழுக்கப் பரப்பியது என் அம்மாதான். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு, தின்றது செரிப்பதிலோ காலையில் போவதிலோ ஒரு குறையும் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு மீன்கார அத்தையிடம் அது தொடங்கியது. மார்க்கெட்டிலிருந்து வரும்போது வாழைத்தண்டு வாங்கிவரும்படி அம்மா சொன்னாள். எதற்கென்று அத்தை கேட்டார்.

"பாப்பாவுக்குத்தாங்க்கா. வெளிய போவ முடியாம கஸ்டப்படுது."

"காலைலகூட போனனே!" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டினார். ஹார்பர் கேட்டுக்கு வெளியே லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசைகட்டி நகராமல் நிற்கும். நடுவில் இறங்கிப் போக வழியில்லை என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டார். சாலையோரக் கடையில் பரோட்டா, சால்னா, தூக்கத்தை விரட்ட டீ. வீட்டிலிருக்கும் நாட்களில், ஆறு குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸுக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார். வாளியோடு நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். வியர்த்துப்போய், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வருவார். உள்ளே திருட்டுத்தனமாகப் பீடி பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். திரும்பி வந்து இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதில் "அறுக்கணும்" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. கோழிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

கோழி வரவில்லை. வாழைத்தண்டு வந்தது. முருங்கைக்கீரை, அவரைக்காய், கேழ்வரகுக் கூழ், மோர் என்று அடுப்பே மாறிப்போனது. அப்பா லாரிக்குக் கிளம்பும்போது பெரிய கேன் நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்தாள் அம்மா.

"இத்த குட்ச்சிட்டு எங்க போறது? வண்டி லைன்ல நிக்கும்."

"பின்வண்டிக்காரரு கைல சொல்லிட்டு பெட்ரோல் பங்குக்கு போய்ட்டு வாய்யா. அந்த நேரத்துல கப்பல் போய்டுமா?"

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். எனக்காக ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ஒருவர் கொய்யா, ஒருவர் ஊறவைத்த திராட்சை, மீன்கார அத்தை பப்பாளி. எல்லாவற்றிலும் எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மீதியை அப்பாவின் தட்டில் வைத்தாள் அம்மா. கெட்டபெயர் எனக்கு, பழம் அப்பாவுக்கா என்று பொருமினேன். சந்துப் பையன்கள் என்னைப் "பப்பாளி" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு எல்லோரும் காத்திருந்தபோது, அந்தப் பையன்கள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அப்பா பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, ஏன் அழுவுற?"

"எனக்கு ஒண்ணியும் இல்லப்பா. அம்மா எல்லார்கிட்டயும் பொய் சொல்லிகினு கீது. பசங்க பப்பாளின்றாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பார்த்தாள். பிறகு அப்பா பப்பாளித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அத்தனை குடங்களுக்கும் முன்னால் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துண்டைக் கடித்தார்.

"டேய், பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மூலம். ரத்தமா போவுது. ஆபரேசன் பண்ணணும்னாங்க. அதான் பப்பாளி துன்றேன். யாருக்குனா பாடணும்னா என்னிய வெச்சி பாடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பையன்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள். சற்று நேரத்தில் ஹார்பரில் மூட்டை தூக்கும் மாமா ஒருவர் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குசுகுசுவென்று ஏதோ கேட்டார். மறுவாரம் அப்பாவின் லாரிக்கார தோஸ்துகள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். டீசல் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புண் ஆறிக்கொண்டு வருகிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இப்படியே சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டில் கோழி அடித்தார்கள். அப்பா ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு கீரைக்குக் கை நீட்டினார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைந்ததும், நான் அவர் காதோரம் போய், "எனக்காக நல்லா பொய் சொன்னப்பா" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு. பெற்ற மகளுக்காக இல்லாத வியாதியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் அப்பா அந்தச் சந்தில் வேறு யாருக்கு இருந்தார்?

அப்பா என்னையே பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "ஆமா கண்ணு" என்றார். அதுதான் அவர் சொன்ன பொய்.