உறைக்காத கை

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவில் பெயர் 'ஆட்டம்'. ஆடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், கல்யாண வீட்டில்கூடக் காலை அசைக்காத மனிதர். எங்கள் பட்டறைக்குப் பழைய வண்டி எது வந்தாலும் அடியில் போய்ப் படுப்பார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது, தேய்ந்துபோனால் தொளதொளவென்று ஆடும். அதைக் கையால் பொத்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இருக்கு, மாத்திடுங்க" என்பார். அதற்கு மேல் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அப்படி ஒரு கை.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். கீழே மூட்டைப் பிடிக்க ஒருவர், மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அசைக்க ஒருவர். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க மனசு வராமல் என்னை ஏற்றி உட்காரவைத்தார். கல்யாணமான புதிதில் ஏறியவள்தான். வயிற்றில் பிள்ளையோடும் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டியரிங் வயிற்றில் இடிக்க இடிக்க. அடியிலிருந்து "ஆட்டு" என்று குரல் வரும், ஆட்டுவேன். "போதும்" என்று வரும், நிறுத்துவேன். எங்கள் குடித்தனமே அந்த இரண்டு வார்த்தையில்தான் நடந்தது. சோறு வைத்தாலும் போதும், நான் அழுதாலும் போதும்.

போன வருஷம் சர்க்கரை அவருடைய நரம்பைப் பிடித்தது. முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். துணி சுற்றி நான் பிடித்துக்கொண்டு வந்த கொதிக்கிற டம்ளரை வெறுங்கையால் வாங்கிச் சாவகாசமாகக் குடித்தார். சாயங்காலம் பார்த்தால் விரலெல்லாம் கொப்புளம். கேட்டதற்கு, "கிரீஸ் ஒத்துக்கல" என்றார். காலமெல்லாம் கிரீஸிலேயே முழுகிக் கிடந்தவருக்குக் கிரீஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் விரல் நுனியில் குத்திப் பார்த்தார். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன உணர்ச்சி திரும்பாது என்றார். வெளியே வந்ததும் இவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாத." நானும் விடவில்லை. தெரிந்தால் எவன் வண்டியை விடுவான்?

அப்புறம்தான் அந்த வேன் வந்தது. தையல் கம்பெனிப் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிற வேன். ஓட்டுகிறவர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஏதோ தட்டுகிறது என்றார். வழக்கம்போல நான் மேலே, இவர் கீழே.

ஆட்டினேன். ஸ்டியரிங் கொஞ்ச தூரம் சும்மா போனது, பிறகு எங்கோ டக்கென்று இடித்தது. திருப்பினால் அந்தப் பக்கமும் டக். என் உள்ளங்கைக்கே தெரிந்தது. கீழேயிருந்து சத்தம் வந்தது. "போதும். ஆட்டம் இல்ல. டயர்ல காத்து கம்மி, பிடிச்சுட்டுக் கொண்டு போங்க."

மெதுவாகத்தான் சொன்னேன், "ஏங்க, இன்னொரு தடவ பாருங்களேன்."

"பாத்தாச்சு."

"மேல இடிக்குதுங்க."

"உன்னை ஆட்டத்தான் உக்கார வச்சிருக்கு."

வேன்காரர் சாவியை எடுத்துவிட்டார். பெண்களைக் கூப்பிடப் போகிற நேரம். தெருமுனையில் அந்த வேனைத் தினமும் பார்க்கிறேன், கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தி பெயரும் எனக்குத் தெரியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு நானே அடியில் போய்ப் படுத்தேன். "தம்பி, நீங்க ஆட்டுங்க" என்றேன். என் கைக்குள் அந்த மூட்டு எகிறிக் குதித்தது.

"வண்டிய எடுக்காதீங்க தம்பி. தேஞ்சு போயிருக்கு."

"அண்ணன் இல்லைங்கிறாரே அக்கா?"

"அவர் கைக்கு உறைக்கல தம்பி."

விரலுக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் எதுவும் உறைக்காதவன் என்று நாம் யாரைச் சொல்வோம்? எத்தனை திட்டினாலும் துடைத்துவிட்டுப் போகிற, சூடு சொரணை கெட்டவனை. வெளியாள் முன்னால் கட்டினவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. இவர் முகம் கறுத்துப்போனது.

மூட்டைக் கழற்றியது அவர்தான். கழன்று வந்தபோது அது விழப்போகிற பல் மாதிரி தொளதொளவென்று ஆடியது. புதுசை முறுக்கி ஏற்றினார். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு மெல்லிய பின் செருக வேண்டும். அது அவர் விரலில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. விழ விழத் தடவித் தடவி எடுத்தார். வேன்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் நான்தான் செருகினேன்.

அன்று அத்தனை பெண்களும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெருவுக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டது. "ஆட்டத்துக்கே கை ஆட்டம் கண்டுடுச்சாம்" என்று எதிர்ப் பட்டறையில் சிரித்தார்கள். நல்லது செய்தேனே, அதற்கு எனக்குக் கிடைத்தது காலிப் பட்டறை. வருகிற ஒன்றிரண்டு வண்டியும் எதிர்ப்பக்கம் திரும்பியது.

வீட்டில் உலை வைத்தாக வேண்டுமே. இனி நான் கீழே படுக்கிறேன், நீங்கள் மேலே உட்காருங்கள் என்றேன். ஏறி உட்கார்ந்தார். அக்கா கை நன்றாகப் பார்க்கிறது என்று ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். அவர்கள் புகழப் புகழ இவர் பேச்சு குறைந்தது. இப்போது அந்த இரண்டு வார்த்தையும்கூட என்னுடையதாகிவிட்டது.

நேற்று ஒரு பழைய கார். கீழே படுத்து, "ஆட்டுங்க" என்றேன். ஆட்டினார். மூட்டு இறுக்கமாக இருந்தது. "போதுங்க" என்றேன். நிறுத்தவில்லை. சக்கரம் ஒரேயடியாகத் திரும்பியது, என் விரல் கம்பிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அலறினேன். அப்புறம்தான் நின்றது.

வெளியே வந்தேன். நகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"போதும்னு சொன்னது காதுல விழலையா?"

அவர் கண்ணாடி வழியாக நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துச்சு. எனக்குத்தான் எதுவும் உறைக்காதே."

கார்க்காரர் வேறெங்கோ பார்த்தார். நான் விரலில் கந்தலைச் சுற்றிக்கொண்டேன். இன்னொரு பக்கத்துச் சக்கரம் பாக்கி இருந்தது. மறுபடியும் அடியில் போய்ப் படுத்து, கையை மூட்டில் வைத்து, "ஆட்டுங்க" என்றேன்.