காப்பு கட்டிய கையோடு அக்கா போட்ட மாத்திரை

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. மலையேறி வந்திருக்கும் உறவுகளுக்கும், வேலூரிலிருந்து வந்திருக்கும் அக்காவின் கல்லூரி நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அழகாக எழுத எனக்கு வராது. உள்ளதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில், சாமையும் புளியும் விளையும் எங்கள் ஊரில் அக்கா பிறந்தார். அவர் பள்ளி விடுதியில் இருந்தபோது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, மூளையில் ரத்தம் கசிந்து பேச்சு நின்றது. கீழே கொண்டுபோக வண்டி கிடைப்பதற்குள் உயிரும் போனது. மாத்திரை வீட்டில்தான் இருந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை யாரும் மருந்து தொடக்கூடாது. அம்மாவும் தொடவில்லை.

அந்தக் கோபத்திலேயே படித்தவர் அக்கா. உடலியங்கியல் படித்து, ஆராய்ச்சிக்கூடத்து எலிகளோடு பாதி ஆயுளைக் கழித்தார். மூளையில் சுரக்கும் ஒரு பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துணுக்கு, ஹார்மோன்களைத் தூண்டி, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அதைத் தடுத்தால் அழுத்தம் இறங்குமா என்று பார்த்தார். இறங்கியது. சில வாரத்தில் மறுபடி ஏறியது.

"ஒரு வழிய அடைச்சா மூள வேற வழியில ஏத்தி வுடுதுடா. இன்னா பண்றதுன்னே தெரியல" என்று போனில் சொன்னார். கடைசிவரை தெரியவில்லை.

புது மருந்துதான் இல்லை, இருக்கிற மாத்திரையையாவது ஊரை ஒழுங்காகப் போட வைக்கலாம் என்று மாதாமாதம் மலைக்கு வந்து வீடு வீடாகப் பிரஷர் பார்த்தார். எல்லோரும் போட்டார்கள், காப்பு கட்டும்வரை. திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும் என்று தொண்டை வறளக் கத்துவார். "ஆத்தா பாத்துக்குவா, நீ போம்மா" என்பார் எங்கள் சித்தி.

தாம் இருந்த கடைசித் திருவிழாவில் அக்காவே காப்பு கட்டிக்கொண்டார். அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. கோயில் வாசலில், ஊரே பார்க்க, தம் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"பாருங்க, எனக்கு இன்னா ஆய்டுச்சி? ஒண்ணும் ஆவல!"

அந்த முறை சித்தியும் இன்னும் பல பெண்களும் காப்போடு மாத்திரை போட்டார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஐயோ, அது எத்தனை நாள்!

சாமை அறுப்புக்குள் வயிற்றுவலி வந்தது. கணையத்தில் புற்று, வெகுநாளாக வளர்ந்தது என்றார் மருத்துவர். படுக்கையிலும் அக்காவுக்கு ஒரே கவலை. "மாத்திர போட்டுதான் செத்தான்னு சொல்லுவாங்கடா தம்பி. அப்டி இல்லன்னு நீ சொல்லு."

சொன்னேன். இன்றும் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

காரியம் முடிந்த அன்றே சித்தி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "வவுத்துல மாத்திர போச்சி, ஆத்தா வவுத்துலயே புடிச்சிக்கினா. எங்களுக்கு வாணாம்பா." திருவிழாவுக்கு மட்டும் நிறுத்திய ஊர் இப்போது அடியோடு நிறுத்திவிட்டது. அக்கா சும்மா இருந்திருந்தால் மற்ற நாளிலாவது போட்டிருப்பார்கள். இதுவும் உள்ளதுதான்.

வண்டி ஏறாத கடைசி மேட்டில் அக்காவைத் தோளில் சுமந்த பங்காளிகளுக்கும், மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்தவர்களுக்கெல்லாம் அழுதுகொண்டே பொங்கிப் போட்ட சித்திக்கும் நன்றி. அவருக்கு இப்போது வாய் கோணிவிட்டது, வலது கை வரவில்லை. மாத்திரையை நீட்டினால் இடது கையால் தள்ளிவிடுகிறார்.