குளியலறையில் வைத்த துண்டு

இது கட்டுக்கதை இல்லை. மலாய் நாட்டில், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், 1927ஆம் வருஷம் நடந்தது. அங்கே துரை பங்களாவில் ஆயாவாக இருந்த வெள்ளையம்மா சொன்னது; அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அந்த நிமிஷமே மாட்டிக்கொள்வாள். நம்பாத சூரர்கள் பொழுது சாய்ந்த பிறகு அந்த பங்களாக் குளியலறைக்குத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

பங்களாவில் இருந்த, தோட்டத்து இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட எஞ்சின் துரைக்குச் சொந்த ஊர் லாட்வியா என்ற சின்ன நாடு. துரைசானி ஊர்க்கதையை எடுத்தால் கீழே வைக்கமாட்டாள். ஆனி மாதம் போனால் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு, நெருப்பைச் சுற்றி விடிய விடியப் பாடுவார்களாம். மார்கழியில் போனால் வீடு வீடாகக் கட்டை இழுத்து வந்து எரிப்பார்களாம். "இந்த ஆனிக்குக் கப்பல் ஏறலாம்" என்று மகள் மார்த்தாவிடம் சொல்லிச் சொல்லி ஆசை காட்டியிருந்தாள். மார்த்தா, ஆயா வெள்ளையம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்த குழந்தை. தாயின் பேச்சைவிடத் தமிழ்தான் அவளுக்குச் சரளம். தை மாதம் காய்ச்சல் வந்தது. வாரம் திரும்புவதற்குள் குழந்தை போய்விட்டது.

மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. துரைசானி ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் ஊரில் இலை உதிரும் காலம், செத்தவர்கள் வீட்டுக்கு வரும் காலமாம். குளியலறையில் வெந்நீர், துண்டு, ரொட்டி எல்லாம் வைத்து அழைப்பார்கள். கடைசியில் கதவைத் திறந்து, "போங்கள், பயிரை மிதிக்காமல் பாதையோடு போங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படி அனுப்பினால்தான் அந்த உயிருக்கு நிம்மதி.

விளக்கு வைக்கும் நேரம். பங்களாக் குளியலறையில் வெந்நீரும் துண்டும் வைத்துவிட்டு, துரைசானியும் வெள்ளையம்மாவும் வெளியே காத்திருந்தார்கள்.

சளக்... உள்ளே தண்ணீர் அள்ளும் சத்தம்.

துரைசானி கதவைத் திறந்தாள்.

"சாயா தாபோலே, ஆயா..." என்னால் முடியாது என்று மலாயில் அழுதாள். "நீ சொல்லு. உன் பேச்சுதான் அவளுக்குத் தெரியும்."

பிள்ளையைப் பார்த்து 'போ' என்று எந்த வாயால் சொல்வது? கடைக்குப் போகிறவனிடம்கூட நம்மவர்கள் அப்படிச் சொல்வதில்லையே.

"போய்ட்டு வா, கண்ணு."

சிமென்ட் தரையில் ஈரம். சின்னப் பாதங்கள். வாசற்படி வரை...

துரைசானி அந்த ஈரத்தைத் தொட்டுத் தொட்டு அழுதாள். பங்குனியில் துரை வேலையை விட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

"போறேன், ஆயா" என்றாள் துரைசானி, செடெனாக் ரயிலடியில்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போய்ட்டு வாங்க."

மறு வருஷம் இலை உதிர்ந்தது. பங்களா பூட்டிக் கிடந்தது. பெருக்குகிற வெள்ளையம்மாவிடம்தான் சாவி. பிள்ளை வந்து வெறும் அறையைப் பார்த்தால் ஏங்கிப் போகுமே என்று அவளே வெந்நீர் வைத்தாள். ஒரே ஒரு துண்டு வைத்தாள்.

சளக்...

சின்னப் பாதங்கள்.

அப்புறம்... பக்கத்திலேயே... பெரிய பாதங்கள்.

பூட்டின வீடு.

அவள் ஓடினாள்.

காலையில் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். சின்னத் தடங்கள் காய்ந்து மறைந்திருந்தன. பெரிய தடங்கள் மறையவில்லை. வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது.

அந்த வாரம்தான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சபாபதி அவளைக் கூப்பிட்டார்.

"ஒனக்கு யாரும் சொல்லலையா, ஆயா? இப்பதான் தொரைகிட்டருந்து சேதி வந்துச்சு. அந்தம்மா ஊரு போய்ச் சேரலையாம். கப்பல்லயே காய்ச்சல்ல போய்ட்டாங்க. கடல்லயே எறக்கிட்டாங்களாம்."

அதன்பிறகு வருஷா வருஷம் வெள்ளையம்மா இரண்டு துண்டு வைத்தாள். 'போங்க' என்ற ஒரு சொல்லில் தாயும் பிள்ளையும் நிம்மதியாகிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து நின்றாள்.

கடைசி வரை அவளுக்கு வாய் வரவில்லை.