பெரியப்பாவின் விபூதியும் என் கடைவாய்ப் பல்லும்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல் தானாக விழுந்ததே இல்லை, பெரியப்பா பிடுங்கிவிடுவார். விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறந்து போகும். ஆடுகிற பல்லோடு ஒரு பிள்ளை அகப்பட்டால் போதும், பெரியப்பா துண்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "ஏத்தா, அங்க பாரு ஏரோப்ளேன்" என்பார். பிள்ளை அண்ணாந்து வாயைப் பிளக்கும். மேலே விமானம் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் பல் அவர் கையில் இருக்கும். வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த வித்தை ஒருமுறைக்கு மேல் செல்லாது. எங்களுக்குப் பாதி நாள் நிஜமாகவே விமானம் வந்து தொலைக்கும் என்பதால் திரும்பத் திரும்ப ஏமாந்தோம்.

நான்காம் வகுப்பு படிக்கும்போது, கீழ்வரிசையில் வலது ஓரத்துக் கடைசிப் பல் சொத்தை விழுந்து குழியாகிவிட்டது. தின்கிற சோற்றில் பாதி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சைத் தண்ணீர் பட்டாலே சுள்ளென்று இழுக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது பொங்கல் கரும்புதான்.

எங்கள் வீட்டில் கரும்பை நறுக்கித் தின்பது கேவலம். ஆளுக்கு அரைக் கழியை வாங்கி, கடைவாயில் கொடுத்துப் பட்டையை உரித்து, கணுவையும் கடித்துத் துப்ப வேண்டும். முதலில் முடிப்பவர்தான் அந்த வருஷத்து ராஜா. அந்தப் பொங்கலில் முதல் கணுவிலேயே எனக்கு உயிர் போய்விட்டது. அம்மா அரிவாள்மனையில் சின்னச் சின்னதாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். பெரியப்பாவின் மகன், என்னைவிட ஒரு வயது மூத்த அண்ணன், அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, "ஓட்டப்பல்லுக் கெழவி கரும்பு திங்குது, வந்து பாருங்கடா" என்று கூட்டம் சேர்த்துவிட்டான். பாவிப் பயல். அடுத்த பொங்கலில் இவனை ஜெயிக்காவிட்டால் நான் நானில்லை என்று அழுதுகொண்டே சபதம் போட்டேன். அம்மா எப்போதும்போலக் கரும்பைத் தொடவேயில்லை. கேட்டால், "எனக்குப் புடிக்காதுத்தா, நீங்க தின்னுங்க" என்பாள். கரும்பு பிடிக்காத மனுஷியும் உலகத்தில் உண்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்த மார்கழியில் வலி தாங்காமல் கத்தினேன். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். அவர் ஊரில் இல்லாதபோது பெரியப்பா சொல்வதுதான் சட்டம். அவர் டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்துவிட்டு, "பால் பல்லுதான. ஆஸ்பத்திரில புடுங்கிப் போட்டுட்டா தன்னால மொளைக்கப்போகுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரியப்பாவிடம் அம்மா நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. சொல்லவேண்டியதைக் கதவு நிலையைப் பார்த்துச் சொல்வாள். அது அவர் காதில் விழும். அன்றைக்கு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"புடுங்க வேணாம் மாமா. பள்ளிக்கூடத்துக்குப் பல்லு பாக்க வந்த டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இது ஆறு வயசுல மொளைச்ச பல்லாம். போனா போனதுதானாம். அடைச்சுத் தாரேன்னு சொல்லுச்சு."

"அடைக்கிறதுக்கு அதென்ன தண்ணித் தொட்டியா? நான் எம்புட்டுப் பல்லு பாத்திருக்கேன்!"

"ஒருத்திக்குப் புடுங்குனது போதும் மாமா."

பெரியப்பா டார்ச்சை அணைத்தார். யாருக்கு எதைப் பிடுங்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மாவின் கிளினிக் வில்லாபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. ஊசி போட்டதில் என் கன்னம் வேறு யாருடைய கன்னமோ என்பதுபோல் ஆகிவிட்டது. மிஷின் விர்ரென்று சுற்றிப் பல்லின் மேல்பக்கத்தைத் திறந்தது. குழிக்குள் ஒரு சிவப்பு மருந்தை வைத்துக் கழுவிவிட்டு, டாக்டரம்மா கைக்கண்ணாடியில் எனக்கே காட்டினார்.

"செவப்பு ஒட்டியிருக்குல்ல, அதெல்லாம் மக்கிப்போனது. அதை மட்டும் எடுப்பேன். ஒட்டாத எடம் நல்ல பல்லு. அதைத் தொடமாட்டேன், பயப்படாத."

கடுகு அள்ளுகிற அளவுக்கு ஒரு குட்டிக் கரண்டியால் சுரண்டினார். சொத்தை ஊறிய தோல்போலப் பிய்ந்து வந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி சுரண்டல். கடைசியில் சிவப்பு எங்கேயும் ஒட்டவில்லை. அடேயப்பா, முடிந்தது என்று நினைத்தேன். இனிமேல்தான் பாடே இருந்தது.

கன்னத்துக்கும் நாக்குக்கும் அண்டையில் பஞ்சை உருட்டி வைத்தார்கள். பல்லில் நீலக் களிம்பு ஒன்றைத் தடவிக் கழுவி, காற்றடித்து உலர்த்தியதும் பல் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்து நின்றது. களிம்பு பல்லைச் சொரசொரப்பாக்கியிருக்கிறது, இதன் மேல்தான் பசை பிடிக்கும், அதற்கு மேல் பல் நிறத்து மாவை வைத்து நீல வெளிச்சம் அடித்தால் கல்லாக இறுகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். "ஆனா ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டாது. நாக்கை ஆட்டாத, வாயை மூடாத, என்ன?" என்று சொல்லிவிட்டுப் பசையை எடுக்க அந்தப் பக்கம் திரும்பினார்.

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் நெற்றியில் விபூதி பூசி, ஒரு சிட்டிகையை வாயிலும் போடுவது வழக்கம். பெரியப்பா அதுவரை ஓரத்தில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து பாண்டி முனி கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தார். என் நெற்றியில் ஒரு இழுப்பு. வாய்தான் தயாராகத் திறந்து கிடக்கிறதே, அதில் ஒரு சிட்டிகை.

"ஐயோ! என்னய்யா பண்ணீங்க?" என்று டாக்டரம்மா அலறினார்.

"விபூதிதாம்மா. நல்லதுதான் செய்யும்" என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாக்கு ஆடியது, எச்சில் பொங்கியது, பஞ்சு மிதந்தது. அவ்வளவுதான், அத்தனையும் பாழ். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா கதவு நிலையைத் தேடாமல் பெரியப்பா முகத்தைப் பார்த்தே, "மாமா, செத்த வெளிய இருங்க" என்றாள். பெரியப்பா பூனை மாதிரி வெளியே போனார்.

"புள்ளை களைச்சுப் போச்சுக்கா. இப்பத்திக்கு மருந்து வச்சு மூடி அனுப்புறேன். பொங்கல் கழிச்சுப் பாப்போமா?" என்று டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார். பொங்கல் கழித்தா? கிண்ணமும் அண்ணனின் இளிப்பும் கண்முன் வந்தன. அம்மா பதில் சொல்வதற்குள், யாரும் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டேன்.

மறுபடி கழுவி, மறுபடி களிம்பு, மறுபடி காற்று. தாடை கழன்றுவிடும்போல வலித்தது. எச்சில் தொண்டையில் குளம் கட்டி நின்றது. விழுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு வந்தது. பழகிய கழுத்து அண்ணாந்து பார் என்று துடித்தது. போனால் போகட்டும் என்று விட்டத்து விளக்கையே முறைத்தேன். அம்மா என் இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்சங்கொஞ்சமாக மாவை வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் அடித்தார்கள். கடைசியில் டாக்டரம்மா கம்பியால் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்று கேட்டது.

"கல்லு மாதிரி புடிச்சிருக்குக்கா. உங்க பொண்ணு கெட்டிக்காரி."

மரத்த வாயால் நான் கேட்ட முதல் கேள்வி, கரும்பு கடிக்கலாமா என்பதுதான். ராத்திரி பல் விளக்கினால் கடிக்கலாம் என்று சிரித்தார். அன்றிரவே இரண்டு முறை விளக்கினேன்.

பொங்கலன்று தெருவே பார்க்கக் கழியைக் கையில் எடுத்தேன். வலது கடைவாயில் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பட்டை சர்ரென்று கிழிந்து வந்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை! சாறு முழங்கை வரை வழிந்தது. அண்ணன் இன்னும் பாதியில் நிற்கையில் நான் கடைசிக் கணுவைக் கடித்து அவன் காலடியில் துப்பினேன். அவன் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பாண்டி முனி விபூதி உள்ள போயிருக்குல்ல, ஆடுமா அது?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

அம்மா மட்டும் என்னை விடவில்லை. இன்னொரு கழியை நீட்டி, "இந்தா, இதையும் கடி, பாப்போம்" என்றாள். கடித்தேன். "அந்தக் கணுவு?" அதையும் கடித்தேன். கடுக்கென்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளே தின்றதுபோல முகம் மலர்ந்தது. எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவள், அன்றைக்கு எல்லாவற்றையும் மறந்து தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. சிரித்த வாய்க்குள் இரண்டு பக்கமும் பின்னால் ஒரு பல்லும் இல்லை, வெறும் ஈறுதான் இருந்தது. பெரியப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்கள் ஆகிவிட்டால் அங்கே பல் இருக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த கணுவைக் கடித்தேன்.