கிராதியில் கடைசி ஆள்

எனக்குச் சூடு தெரியாது என்பது எங்கள் ஸ்டோரில் ஒரு பெருமையாகவே இருந்தது. ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயை உலர்த்தும் கூடம். சக்குபள்ளம் பக்கத்து எஸ்டேட்டுகளில் அப்படித்தான் சொல்வோம். காய்த் தட்டுகளுக்குக் கீழே சூட்டைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் ஓடும். மற்ற பெண்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு இழுக்கும் தட்டை நான் வெறுங்கையால் இழுப்பேன். "ஜெயமணிக்கு இரும்புக் கையாக்கும்" என்பார் சூப்பர்வைசர். எனக்கும் கொஞ்சம் மிதப்புதான். கடைசியில் சூட்டு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

ஒரு மத்தியானம் பேச்சை நிறுத்திவிட்டு ரூபி மூக்கைச் சுளித்தாள். "ஏட்டி, என்னமோ தீயுத வாடை வருதே?" குனிந்து பார்த்தால், என் இடது கையின் ஓரம் குழாயில் ஒட்டியிருந்தது. தோல் வெந்துபோயிருந்தது. நான் அவளிடம் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

ரூபிக்குப் பக்கத்து லயம் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு). நாங்கள் இருவரும் ஒரே நாளில் திடப்படுத்தல் பெற்றவர்கள் (அதற்குப் பிறகுதான் எங்கள் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்தில் சேர முடியும்). அன்று தொடங்கி, பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் பக்கத்துப் பக்கத்தில்தான் முழங்கால் போடுவோம். எங்கள் சபையில் ரசப் பாத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான். போதகர் ஒவ்வொருவர் வாயிலும் வைத்தபடி நகர்ந்து வருவார். எனக்கு அடுத்து ரூபி. கல்யாணம், பிள்ளைப்பேறு, சண்டை எதற்கும் அந்த வரிசை மாறியதில்லை.

தாலூகா ஆஸ்பத்திரி டாக்டரம்மா மலையாளி. என் முழங்கையில் வெளிறிய ஒரு திட்டு இருந்தது. தேமல் என்று எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்த திட்டு. அதை வெகுநேரம் பார்த்தார். பஞ்சை நுனியாகத் திரித்து எடுத்துக்கொண்டார்.

"கண்ணை அடைச்சுக்கோ. நான் தொடும்போ விரல் காட்டணும், கேட்டோ."

மூடினேன். காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"குறே நேரமா (ரொம்ப நேரமா) தொட்டுட்டேயிருக்கேன்" என்றார்.

தொழுநோய் என்றார். குஷ்டம் என்று நாம் சொல்வது அதுதான். இதை வாசிக்கிற உங்களுக்கு அழுகை வந்திருக்கலாம். எனக்கு ஒன்றுமே வரவில்லை. பேருந்துக்கு நேரமாகிறதே என்றுதான் நினைத்தேன். கையோடு சேர்ந்து மற்றதும் மரத்துவிட்டதோ என்னவோ. என் வீட்டுக்காரர்தான் திரும்பத் திரும்ப, "அதெல்லாம் இப்ப கெடையாதும்பாங்களே" என்று டாக்டரிடமே சண்டைக்கு நின்றார்.

கூட்டு மருந்து (கிருமியைக் கொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை) ஒரு வருடம். அரசே இலவசமாகத் தருகிறது. மாதம் ஒருமுறை அவர்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். முகமும் கறுக்கும், பிறகு மெதுவாகத் தெளியும். "மருந்து தொடங்கியாச்சுன்னா பின்னே வேற ஆளுக்குப் பகராது (பரவாது)" என்று டாக்டரம்மா சொன்னார். அதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். கேட்கத்தான் யாரும் வரவில்லை.

நெருங்கிப் பழகியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு வேளை மருந்து உண்டு. அதைக் கொடுக்கச் சுகாதார ஊழியர் லயத்துக்கு வந்தார். என் பெயரை அவர் சொல்லவேயில்லை. தேவையும் இருக்கவில்லை. அவர் ஜீப் ஏறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ரூபி என் வாசலில் நின்று கத்தினாள். "ஏட்டி, எனக்கு என்னத்தட்டி குடுத்த? ரத்தமாப் போகுது! எனக்கும் வந்துட்டு!"

"அது மாத்திரைச் சாயம்ட்டி. எனக்கு மாசாமாசம் ஹோலிப் பண்டிகை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். "உள்ள வா, டீ போடுதேன்" என்றேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள். "அடுப்புல சோறு கெடக்கு" என்று போய்விட்டாள். பிறகு வரவில்லை. ஸ்டோரில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் சபைச் செயலாளர் வந்தார். நல்ல மனுஷர். உட்காராமல் பேசினார். "தப்பா எடுத்துக்கிடாதம்மா. நாலு பேரு முகஞ்சுளிக்காங்க. நீ எல்லாருக்கும் கடைசில வந்துக்கோ. ஒருத்தருக்கும் சங்கடமில்ல."

"சரி அண்ணாச்சி" என்றேன். மனப்பாடம் பண்ணி வைத்ததைச் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குப் பார்த்தா அந்த வேதபாடம் வர வேண்டும்! இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய பகுதி. போதகர் இளவயதுக்காரர், குரல் கணீரென்று இருக்கும். குஷ்டம் பாவத்துக்கு அடையாளம், உள்ளத்துக் குஷ்டத்தைக் கழுவுங்கள் என்று முழங்கினார். சனம் தலையாட்டியது. நான் கறுத்த முகத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் தொட்டாராம், பிறகுதான் சுகமாம். அப்படியானால் தொட்டது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காதே. மரத்த தோலாயிற்றே. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பான். இதை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

எல்லோரும் திரும்பிய பிறகு போனேன். நீளக் கிராதியில் தனி ஆளாக முழங்கால் போட்டேன். என் உதட்டிலிருந்து எடுத்த பாத்திரத்தைப் போதகர் பீடத்துக்குக் கொண்டுபோனார். மீந்ததை வீணாக்கக் கூடாது என்பது முறை. அண்ணாந்து குடித்தார். தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடித்தார். என்னைக் கடைசியில் நிறுத்தியவர்கள் இதை யோசிக்கவேயில்லை. எனக்குப் பின்னால் அவர் இருந்தார்.

சில மாதங்கள் இப்படியே போயின. இடையில் முழங்கை நரம்பு வீங்கியது. ரியாக்ஷன் என்பார்கள் (செத்த கிருமியோடு உடம்பே சண்டை போடுவதால் வரும் வீக்கம்). வலியில் துடித்தேன். மரத்த கைக்கு இவ்வளவு வலி எங்கிருந்து வந்ததென்று ஆத்திரமாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியபடி நின்றுவிட்டன. உங்களுக்கு வலி வந்தால் அன்றைக்கே போங்கள். நான் காய்ப் பறிப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

படுத்திருந்தபோது போதகர் ஜெபிக்க வந்தார். நான் ஜெபிக்க விடவில்லை.

"ஐயா, குஷ்டம் பாவத்துக்கு அடையாளம்னீங்களே. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அவர் முகம் செத்துவிட்டது. "தப்புதான் அக்கா. படிச்சதை அப்படியே சொல்லிட்டேன். நீங்க உட்கார்ந்திருந்ததை நெனைக்கல."

"எனக்குப் பெறவு குடிக்கீங்களே, பயமில்லையா?"

"பயமாத்தான் இருந்தது. மொத தடவை வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணில வாய் கொப்பளிச்சேன். அடுத்த தடவை கொப்பளிக்கல."

அன்றைக்கு ஜெபிக்க விட்டேன். அவர் பிரசங்கத்தைவிட அந்தக் கொப்பளிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது.

மருந்து முடிந்தது. நோய் போய்விட்டது, போன உணர்ச்சி இனி வருவது சந்தேகம் என்றார் டாக்டரம்மா. தினமும் சாயங்காலம் விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எங்கே சுட்டது, எங்கே முள் ஏறியது என்று கண்தான் சொல்ல வேண்டும். பகலில் நடந்தது சாயங்காலம்தான் எனக்குத் தெரியவரும்.

மருந்து முடிந்தால் பழைய இடத்துக்கு வரச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த திருவிருந்திலும் கோயில் முழுவதும் போய்த் திரும்பும்வரை காத்திருந்து எழுந்தேன். அப்பத்தை வாங்கிக்கொண்டு, கைகளைக் கிராதியில் வைத்துக் கண்ணை மூடினேன்.

உதட்டில் பாத்திரம் பட்டது. உதட்டுக்கு இன்னும் தெரியும், ஜில்லென்று இருந்தது. குடித்துவிட்டு, போதகர் பீடத்துக்குத் திரும்புவதைப் பார்க்கக் கண்ணைத் திறந்தேன். அவர் திரும்பவில்லை. ஒரு எட்டு என் இடது பக்கம் நகர்ந்து குனிந்தார்.

ரூபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் குடித்த அதே பாத்திரத்தில்.

வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள். "எம்புட்டு நேரமாக் கையப் பிடிச்சிருக்கேன், திரும்பிப் பாக்கியாட்டி நீ?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மடங்கிப்போன என் இடது கைமேல் அவள் கை இருந்தது. எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.