அழுகிற அம்மா ஆரணிக்கு வந்த நாள்

பம்பாய்க்குப் பட்டுப் புடவை மூட்டையோடு போய்வரும் என் மாமா, எந்தச் செய்தியையும் அது இருக்கிற அளவிலேயே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது கிடையாது. ரயிலில் அவர் பெட்டியில் ஒரு போலீஸ்காரர் ஏறினால், மாமா ஆரணி வந்து சேர்வதற்குள் அந்த மனிதர் கமிஷனராகியிருப்பார். கூடப் பிறந்தவர் என்பதால் அம்மா மட்டும் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பாள். தெருவில் மற்றவர்கள் முழுசாகவே வாங்கிக்கொள்வார்கள். எனக்கோ மாமா வாயைத் திறந்தால் அதுதான் செய்தி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. மாமா பம்பாயிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "அக்கா, நம்ம வூட்டுக்கு சினிமா ஸ்டார் வரப்போறாங்க" என்றார்.

அவர் புடவை கொடுக்கும் கடைக்காரருக்குத் தெரிந்த இந்தி நடிகை ஒருவர் திருவண்ணாமலைக் கோயிலுக்கு வருகிறாராம். போகிற வழியில் ஆரணியில் இறங்கி, நெய்கிற வீட்டிலேயே பார்த்து ஒரு கல்யாணப் புடவை எடுக்க ஆசைப்படுகிறாராம். இதுவரைக்கும் உண்மை. எந்த நடிகை என்று கடைக்காரர் சொன்னாரா, மாமா கேட்டாரா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே பெயர் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் சலூன் சுவர்களிலும் பெட்டிக்கடை வாசல்களிலும் சிரித்துக்கொண்டிருந்த ஓர் இளம் கதாநாயகிதான் வருகிறாள் என்று மாமா முடிவு செய்திருந்தார்.

"நெஜமா அந்தப் பொண்ணுதானாடா? வாயத் தொறந்து கேட்டியா?" என்றாள் அம்மா.

"என்னாக்கா நீ! பம்பாய்ல நடிகைன்னா வேற யாரு? கல்யாணம் பேசிகினு இருக்காங்க போல. வெளிய சொல்லிக்காத."

வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதில், விஷயம் பக்கத்து ஊர் களம்பூர் வரைக்கும் போய்விட்டது.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் டிவியில் இந்திப் படம் போட்டால் விடமாட்டோம். பெயர் தெரியாததால் அவரவர் செய்கிற காரியத்தை வைத்து நாங்களே பெயர் வைத்திருந்தோம். கதவை உடைக்கிறவன், குதிரைக்காரன், அழுவுற அம்மா. இந்த அழுவுற அம்மா அநேகமாக எல்லாப் படத்திலும் இருப்பார். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, மகன் வீட்டைவிட்டுப் போனாலும் அழுவார், திரும்பி வந்தாலும் அழுவார். நாங்கள் பிள்ளைகள் துண்டை முந்தானையாகப் போட்டு வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிப்போம். அம்மா மட்டும் அவர் திரையில் வந்துவிட்டால் ராட்டையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறர் அழுவதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நடிகை வருகிற அன்றைக்குத் தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோபா வந்தது. மாமா கலர் பாட்டில்களை வாளியில் ஐஸ் போட்டு வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று இந்தியில் வரவேற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இருந்த ஒரே கவலை தறியில் பூட்டியிருந்த பாவு நூல்தான். "கூட்டத்துல எவனாவது இழைமேல கைய வெச்சான்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது போல நெய்துகொண்டிருந்தார். எனக்குப் பாவாடை சட்டை போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

தெருமுனையில் வெள்ளைக் கார் திரும்பியதும் விசில் பறந்தது. மதில்மேல் ஏறியிருந்த பையன்கள் குதித்து ஓடிவந்தார்கள். கார் நின்றது. கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா இறங்கினார். சாதாரண நூல் புடவை. காதோரம் நரைத்திருந்தது. கூட்டம் அவரைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தது. டிரைவர் கதவைச் சாத்திவிட்டார்.

"எங்கடா ஹீரோயினி?" என்று யாரோ கேட்டார்கள்.

"டேய், இது அழுவுற அம்மாடா!" என்று மதில் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. குபீரென்று சிரிப்பு. "இதுக்கா காலைலேந்து வெயில்ல நின்னுகினு இருக்கோம்?" என்றார் ஒருவர். "கல்யாணப் பொண்ணு இவங்கதானா, கேட்டுச் சொல்லுய்யா" என்று இன்னொருவர் மாமாவைப் பார்த்துக் கத்தினார். அந்தம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புன்னகை கலையாமல் நின்றிருந்தார். அவருக்கு நம் பேச்சு புரியாது என்பதில்தான் எல்லோருக்கும் அவ்வளவு தைரியம். கொஞ்ச நேரத்தில் தெரு காலியாகிவிட்டது.

மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. என்றாலும் தயார் செய்ததை வீணாக்க மனமில்லாமல், கையைக் கூப்பி அந்த இந்தி முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அந்தம்மா பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "தமிழ்லயே பேசுங்க தம்பி. நான் கோடம்பாக்கத்துல வளர்ந்தவ" என்றார்.

கூப்பிய கையை இறக்கவும் மாமாவுக்குத் தோன்றவில்லை. அம்மாதான் முன்னால் வந்து, அந்தம்மாவின் கையைப் பிடித்து, "உள்ள வாங்கம்மா, வெயிலா இருக்குது" என்று அழைத்துப்போனாள்.

சோபாவை விட்டுவிட்டு அவர் பாயில் உட்கார்ந்துகொண்டார். தங்கை மகளின் கல்யாணத்துக்கு என்று சொல்லி, அம்மா பிரித்துப் போட்ட புடவைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "யாரை எதிர்பார்த்தீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு அந்த இளம் நடிகையின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணா? நல்ல பொண்ணு. இப்ப எனக்கு மருமக."

"அடேங்கப்பா!" என்றார் மாமா, உயிர் வந்து.

"படத்துலதாங்க" என்று அவர் சிரித்தார். "எனக்கு மகனா வர்றவரு என்னைவிட வயசுல பெரியவரு. மொத ஷாட்டே என் கால்ல விழுந்து கும்பிடறதுதான். ஒரு காலத்துல நாங்க ரெண்டு பேரும் ஜோடி. அவரு இன்னும் பாட்டு பாடிகிட்டு ஓடறாரு. நான் வாசல்ல நின்னு அவருக்காக அழறேன்."

"அது எப்படிங்க?" என்று தறிக்குழியிலிருந்து அப்பா கேட்டார். அப்பா விருந்தாளிகளிடம் பேசுகிற ஆள் இல்லை.

"சின்னப் பொண்ணா இருக்கும்போதே மெட்ராஸ்லேந்து கூட்டிட்டுப் போனாங்க. கொஞ்ச வருஷம் கதாநாயகி. அப்புறம் ஒரு நாள், அண்ணி வேஷம், இந்த ஒரு படத்துக்குத்தான்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அதுக்கப்புறம் என்னை யாரும் ஆடச் சொல்லலைங்க." ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இந்தக் கதையில் எனக்கு அக்கறை இல்லை. நான் வேறொன்றைக் கேட்கக் காத்திருந்தேன். "இப்ப அழுது காட்டுவீங்களா?" என்றேன்.

"ஏய்!" என்று மாமா அதட்டினார்.

"கேக்கட்டும் விடுங்க. அதுதானே என் தொழில்" என்று அந்தம்மா என்னை அருகில் இழுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "எந்தக் கண்ணுல வேணும்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு வசதி இருக்குமென்று எனக்குத் தெரியாது. யோசித்து, "எடது கண்ணுல" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கண் மட்டும் பளபளத்து, ஒரே ஒரு சொட்டு உருண்டு கன்னத்தில் நின்றது. வலது கண் காய்ந்தே இருந்தது. நான் கை தட்டிக் குதித்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டார். மாமா தன் அவமானத்தை மறந்து, "சபாஷ், சபாஷ்" என்றார்.

அம்மா மட்டும் தட்டவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்தபடியே, குனிந்த தலை நிமிராமல் பேசினாள். "எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடி நம்மூரு சினிமா கொட்டாயில உங்க படம் வந்துதுங்க. ஒரு வார்த்தை வெளங்கல. ஆனா நாங்க தறிக்காரப் பொண்ணுங்கல்லாம் சேந்து திரும்பத் திரும்பப் போனோம். கடுகுக் காட்டுல நீங்க சிரிச்சிகினே ஓடி வருவீங்களே, அதுக்காகவே. என் கல்யாண ரவிக்கைக்கு உங்க மாதிரிதான் கை வெச்சித் தெச்சேன்."

அந்தம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"அந்தப் பாட்டு இன்னமும் எனக்கு வரும்" என்றாள் அம்மா. அப்புறம் பாடவே தொடங்கிவிட்டாள். அம்மா பாடி அதுவரை நான் கேட்டதில்லை. வார்த்தைகள் இந்தியும் இல்லை, தமிழும் இல்லை. காதில் விழுந்த சத்தத்தை அப்படியே இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள். மெட்டு மட்டும் பிசகவில்லை. இரண்டாவது அடியில் அந்தம்மாவின் விரல்கள் புடவையின் மேல் தாளம் போட்டன. உதடு கூடவே அசைந்தது. சிரிப்பது போலத்தான் இருந்தது.

நான் அவர் முகத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்ததால் முதலில் பார்த்தது நான்தான்.

"ரெண்டு கண்ணுலயும் வருது!" என்று கத்தினேன். "நான் எடது கண்ணுன்னுதானே சொன்னேன்?"

அம்மா பாட்டை நிறுத்திவிட்டு என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா கண்ணு, தப்பாயிடுச்சு" என்றார்.

அரக்கும் பச்சையுமாக ஒரு புடவையை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். கார்வரை அவளும் போனாள். கார் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே மாமா பஸ் ஸ்டாண்டில், அந்த இளம் நடிகைக்குப் புடவை பார்க்க அவளுடைய மாமியாரே நேரில் வந்துபோனதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் நானும் என் பங்குக்குச் சொன்னேன். நடிகை எங்கள் வீட்டுக்கு வந்ததையும், கேட்ட கண்ணில் அழுததையும் ஒருவரும் நம்பவில்லை. நம்ப வைப்பதற்காக, இரண்டாவது முறை அவர் தவறிப்போனதையும் சேர்த்துச் சொன்னேன். முதல் தடவை சரியாகச் செய்தார், அடுத்த தடவை கணக்குத் தப்பி இரண்டு கண்ணிலும் விட்டுவிட்டார், அவ்வளவாகத் தொழில் தெரியாதவர், அதனால்தான் கதாநாயகி வேஷம் போய்விட்டது என்று விளக்கினேன். வெகு காலம் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன்.