அடியிலிருந்து படித்த மெயில்

1. வெயில் நாளில் மிஸ்ட்

"இன்னைக்கு மிஸ்ட் ஜாஸ்தி தங்கச்சி. வளைவுல ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிக்கொண்டே தேயிலைக் கொழுந்து லாரி டிரைவர் செல்வராசு அண்ணன் ஆபீசுக்குள் வந்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சேரம்பாடிப் பக்கம் மழை விடுவதே அபூர்வம். அன்றைக்கு அதிசயமாக நல்ல வெயில், மூடுபனியே இல்லை. எதிர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் சேலை நிறம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

மங்கலாகத் தெரிவது வளைவு இல்லை, அண்ணனின் கண்தான். அண்ணனுக்கு சுகர் இருப்பது எஸ்டேட் முழுக்கத் தெரியும். அவர் லாரியில் கொழுந்து மூட்டை மட்டும் வருவதில்லை. மூட்டைக்கு மேல் பெண்களும் உட்கார்ந்து வருவார்கள்.

"அண்ணே, மாத்திரை போடுறீங்கதானே?"

"அது எதுக்கு இனிமே? வெறும் வயித்துல பச்சைக் கொழுந்துச் சாறு குடிக்கிறேன்ல. தொரையே பெரட்டுல படிச்சுக் காட்டுனாரே, மறந்துட்டியா?"

மறப்பேனா? அவர் படித்த காகிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே கிளார்க் மல்லிகா, அதாவது அடியேன். இப்போது ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. எல்லோருக்கும் இனித்த செய்தி

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. தேவாலா பக்கம் சிறு விவசாயிகள் பறிக்கிற கூலிகூடத் தேறாது என்று செடியை அப்படியே வளர விட்டிருந்தார்கள். எங்கள் பேக்டரி பாதி நாள் ஓடும், பாதி நாள் சும்மா கிடக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் இரண்டு பேர் நின்று பேசினால் எஸ்டேட்டை மூடுவார்களா மாட்டார்களா என்பதுதான் பேச்சு.

அந்த நேரத்தில் மோடம் கீச்கீச்சென்று கத்தி ஒரு மெயிலைக் கொண்டுவந்து போட்டது. சப்ஜெக்ட் வரியில் பார்வர்டு, பார்வர்டு, பார்வர்டு என்று வரிசையாக நின்றது. விஷயம் இதுதான். பச்சைத் தேயிலைச் சாறு குடித்தால் சர்க்கரை வியாதி அடியோடு போய்விடும். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். மாத்திரையைத் தூக்கி எறிந்த ஒரு பெண்மணி ஓடியாடித் திரிகிறாள். மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றன. உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

எங்கள் துரை, அதாவது மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். விலை விழுந்ததில் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. மெயிலைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மல்லிகா, நம்ம எலைக்கு வந்த யோகத்த! பிரிண்ட் எடுங்க. நாளைக்குப் பெரட்டுல படிக்கிறேன். அப்புறம் எல வாங்குற பையருங்க எல்லாருக்கும் அனுப்போணும்."

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்தி யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்லும் இடம். அங்கே துரை வாயிலிருந்து வருவது எதுவானாலும் ஆர்டர்தான். மேல் மலைக்குப் போ என்றால் போவார்கள். சாறு குடித்தால் சுகர் போகும் என்றாலும் அப்படித்தான்.

3. கொய்யா

வெயிலில் மிஸ்ட் என்று சொன்ன அண்ணனை அன்றைக்கே கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டெஸ்ட் செய்த நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இப்படியே விட்டா கண்ணும் போயிரும், ஆளும் போயிருவாரு" என்றார். அண்ணனோ அசையவில்லை. "தொர பொய்யா சொல்லுவாரு? நீ சின்னப்புள்ள, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

வந்த கோபத்தில் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மெயிலில் சொன்ன ஆஸ்பத்திரியின் நம்பரை டெலிபோன் விசாரணையில் கேட்டேன். அந்தப் பெயரில் ஆஸ்பத்திரியே இல்லை என்றார்கள். பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பார்வர்டு மெயிலை எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள். நான் அடியிலிருந்து படித்தேன். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற விலாசங்கள் எல்லாம் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. கடைசியில் கிடந்த விலாசம்தான் மூத்தது. அதற்கு எழுதினேன். "அம்மா அல்லது ஐயா, இந்தச் செய்தி உங்களுக்கு யார் சொன்னது? இதை நம்பி இங்கே ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டார்."

மறுநாள் பதில் வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி லைப்ரரியன் அம்மா. "அய்யோ, நான் அனுப்பியதில் தேயிலையே கிடையாதே, கொய்யா இலை அல்லவா!" என்று பதறிப்போய், தன்னிடம் இருந்த மெயிலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். அதே டாக்டர், அதே ஆஸ்பத்திரி, மாத்திரையைத் தூக்கி எறிந்த அதே பெண்மணி. கொய்யா இருந்த இடத்தில் எல்லாம் யாரோ தேயிலையை நட்டிருந்தார்கள்.

யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எங்களைப் போலத் தேயிலையை நம்பிப் பிழைக்கிற ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதை நினைத்தால் கோபத்தோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

4. பெரட்டில்

இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்துத் துரையின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங்க, நல்ல சேதின்னு ஒண்ணு வந்தா அதையும் நோண்டோணுமா நீங்க?" என்றவர், இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தார். காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, "நெசமா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார். "சரி, பையருங்களுக்கு அனுப்ப வேண்டாம். செல்வராசுகிட்டச் சொல்லிடுங்க."

"நான் சொன்னாக் கேக்க மாட்டார் சார். பெரட்டுல சொன்னதப் பெரட்டுலதான் திருப்பி எடுக்கணும்."

துரை என்னை முறைத்துப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் தான் சொன்னது தப்பு என்று எந்தத் துரை சொல்வார்? வேலை போனாலும் போகட்டும் என்று நானும் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை தூறலில் எல்லோரும் குடையோடு நின்றார்கள். துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் படிச்சது பொய்யிங்க. என்னையும் ஏமாத்திட்டாங்க. மல்லிகா சொல்லுவாங்க, கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்கானது.

பெரட்டில் ஒரு பெண் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. முதல் காகிதத்தில் ஒரு வரி, இரண்டாவதில் அதே வரி என்று தமிழில் மாற்றி மாற்றிச் சொன்னேன். தேயிலை, கொய்யா. தேயிலை, கொய்யா. மூன்றாவது வரிக்குள் பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அடுத்த வாட்டி பலா எலையா அக்கா?" என்று ஒருத்தி கத்தினாள்.

செல்வராசு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து லாரிச் சாவியை என் கையில் வைத்தார். "கண்ணு தெளியிற வரைக்கும் நீயே வச்சிரு தங்கச்சி. அந்த வளைவுல என் பொண்டாட்டியும்தான் மேல ஒக்காந்து வர்றா" என்றார். நான் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

5. பிறகு

அதன் பிறகு அந்த எஸ்டேட்டில் எந்த மெயில் வந்தாலும், "மல்லிகா அடியிலிருந்து படிச்சாச்சா?" என்று துரையே கேட்பார். ஓவேலி எஸ்டேட்டுகளில் இருந்துகூட போன் போட்டுக் கேட்பார்கள். எனக்கு வந்த பதவி உயர்வு எல்லாவற்றையும்விட இதில்தான் பெருமை அதிகம்.

பிள்ளைகளே, பயமுறுத்துகிற செய்தியை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். நமக்கு இனிக்கிற செய்தியைச் சந்தேகப்படுவதுதான் கஷ்டம். முதலில் யார் சொன்னது என்று கேளுங்கள். கேட்டால் துரைக்குக் கோபம் வரும் என்றாலும் கேளுங்கள்.

அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். நர்ஸம்மா சரி என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை, மலையை மிஸ்ட் மூடிய ஒவ்வொரு காலையிலும் ஆபீஸ் வாசலில் லாரியை நிறுத்திக் கேட்பார்.

"தங்கச்சி, மிஸ்ட் இருக்கா, இல்ல எனக்கு மட்டுந்தானா?"

"இருக்குண்ணே. எனக்கும் ஒண்ணும் தெரியல."

உடனே சிரித்துக்கொண்டே லைட்டைப் போட்டு லாரியை மெதுவாக எடுப்பார்.